அரை மாத்திரை, அரை டிக்கெட்

ஞாயிற்றுக்கிழமை காலை. ஜன்னல் விளிம்பில் மாத்திரை அட்டைகள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. என் மாமனார் தண்ணீர்ச் சொம்பைக் கவிழ்த்ததில் அவருடைய மருந்துப் பை நனைந்துவிட்டது. உள்ளே இருந்ததை எல்லாம் வரிசையாகக் காயப் போட்டுவிட்டுக் குளிக்கப் போயிருந்தார். நான் வாயில் பிரஷ்ஷோடு அந்தப் பக்கம் வந்தேன்.

வேறு யாராக இருந்தாலும் தாண்டிப் போயிருப்பார்கள். என்னால் முடியாது. மாத்திரை அட்டை எங்கே கண்ணில் பட்டாலும் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தே ஆகவேண்டும். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தால்கூட என் கை தானாக நீளும். என் மனைவி மல்லிகா மேசைக்கு அடியில் என் காலை மிதிப்பாள்.

எடுத்துப் பார்த்தேன். சிவப்பும் நீலமும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் அச்சு கச்சிதமாக இருந்தது. மனசுக்குச் சந்தோஷம். ஆனால் மாத்திரை இருக்கும் அறை ஒன்றின் ஓரம் நகத்தால் கீறி, திரும்ப மடித்து, அழுத்திவிடப்பட்டிருந்தது. தேர்ந்த கைவேலை. மடிப்பைப் பிரித்தேன். உள்ளே பாதி மாத்திரை இருந்தது.

அது ரத்த அழுத்த மாத்திரை. பக்கத்தில் கிடந்தது சர்க்கரை மாத்திரை அட்டை. அதிலும் இதே மாதிரி ஒரு மடிப்பு, அதற்குள்ளும் ஒரு பாதி.

குளியலறைக்குள் மாமா உற்சாகமாகத் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

தாள் அச்சடிக்கிறவன்

அப்போது நான் ஹைதராபாத் நாச்சாரத்தில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் ஷிப்ட் சூபர்வைசர். மாத்திரையைப் பொதிகிற அலுமினியத் தாளில் எழுத்து அச்சடிப்பது எங்கள் வேலை. ஊரின் மறுகோடியில் கண்ணாடிக் கட்டிடங்கள் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. அதில் ஒன்றில் மல்லிகா கணக்குப் பிரிவில் இருந்தாள். அவளை அழைத்துப் போக ஏசி வண்டி வீட்டு வாசலுக்கு வரும். என்னை அழைத்துப் போக என் ஸ்கூட்டர் வரும், அதுவும் மனது வைத்தால்.

மருந்தின் பெயர், உள்ளே என்ன சரக்கு, எத்தனை மில்லிகிராம், எந்த விலாசத்தில் தயாரானது, இதெல்லாம் எங்கள் உருளையில் ஏறும். விலை மட்டும் ஏறாது. விலையும் காலாவதித் தேதியும் மருந்துக் கம்பெனியில், மாத்திரையை அடைக்கும்போது, கடைசியில் கறுப்பு மையில் விழும். அதனால் மலை மலையாக மாத்திரைத் தாள் அச்சடித்தும் எந்த மாத்திரை என்ன விலை என்று கேட்டால் நான் திருதிருவென்று விழிப்பேன். எனக்குத் தெரிந்த ஒரே வியாதி தலைவலி. அதற்கும் மல்லிகா சுக்கு அரைத்துப் பற்றுப் போட்டுவிடுவாள்.

எங்கள் தொழிலில் எழுத்தைப் பார்ப்போம், படிக்க மாட்டோம். ஒரு எழுத்தின் கால் மழுங்கியிருந்தால் இருபதடி தள்ளி நின்று சொல்லிவிடுவேன். அந்த எழுத்துகள் சேர்ந்து என்ன சொல்கின்றன என்று யாராவது கேட்டால் கோபம்தான் வரும்.

டிக்கெட் எடுக்காதவர் இறங்கலாம்

மாமனாரைப் பற்றிச் சொல்லவேண்டும். பெயர் முத்தையா. திண்டுக்கல் பக்கம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தை போன பிறகு தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரே மகள் என்பதால் மல்லிகா அழுது, மிரட்டி, சாப்பாட்டை நிறுத்தி, ஒருவழியாக அவரை எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தாள்.

மாப்பிள்ளை வீட்டில் வந்து தங்குவது எங்கள் பக்கத்து ஆட்களுக்கு எவ்வளவு சங்கடம் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. நான் கூடத்துக்குள் நுழைந்தால் அவர் எழுந்து நிற்பார். பெரியவர் நிற்கும்போது நான் எப்படி உட்காருவது. நானும் நிற்பேன். வீட்டில் நாலு நாற்காலி காலியாகக் கிடக்க, நாங்கள் இருவரும் நின்றபடியே டிவியில் செய்தி பார்த்து முடிப்போம். மல்லிகா தலையில் அடித்துக்கொண்டு சமையலறைக்குப் போவாள்.

பணம் காசு விஷயத்தில் மனிதர் கறார். பால் அவர் கணக்கு. தமிழ் வாரப் பத்திரிகை அவர் கணக்கு. வெளியே போனால் ஒரு டீகூட என் காசில் குடிக்க மாட்டார். மகள் சம்பாதிக்கிறாளே, அவளிடம் வாங்கிக்கொள்ளலாமே என்றால், மகள் சம்பளமும் மாப்பிள்ளை வீட்டுப் பணம்தான் என்பார்.

"முப்பது வருசம் டிக்கெட் இல்லாம ஏறினவனை எல்லாம் நடுரோட்டுல இறக்கிவிட்டவன் மாப்பிள்ளை. இப்ப நானே டிக்கெட் எடுக்காம ஏறி ஒக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். சிரிப்பு வாயில் மட்டும்தான் இருக்கும்.

மருந்தும் அவர் கணக்குதான். அதில் அவருக்கு இன்னொரு பிடிவாதம். மருந்து திண்டுக்கல்லிலிருந்துதான் வரவேண்டும். அங்கே அவருடைய சிநேகிதர் சுப்பிரமணி மருந்துக்கடை வைத்திருந்தார். "நம்ம ஊரு மருந்துதான் மாப்பிள்ளை நம்ம ஒடம்புக்குக் கேக்கும். இங்கிட்டு தண்ணி வேற, மருந்து வேற" என்பார். எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் யார் ஊருக்குக் கிளம்பினாலும் மாமாவுக்கு மூக்கில் வியர்த்துவிடும். போய், திரும்பும்போது ஒரு பொட்டலம் வாங்கிவர முடியுமா என்று பவ்யமாகக் கேட்டு, பணத்தையும் முன்னாலேயே கையில் திணித்துவிடுவார். அவர்கள் முறுக்கோடும் புளியோடும் மருந்தையும் சுமந்துகொண்டு சிகந்தராபாத்தில் வந்து இறங்குவார்கள்.

அந்த மருந்துப் பையை நான் ஒரு நாளும் தொட்டதில்லை. மாமனார் பையை மாப்பிள்ளை துழாவுவானா? தண்ணீர் மட்டும் கவிழாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

மொட்டை மாடியும் தண்ணீர்த் தொட்டியும்

மல்லிகாவைச் சமையலறையில் போய்ப் பார்த்தேன். அட்டையை நீட்டினேன். அவள் பாதி மாத்திரையைப் பார்ப்பதற்கு முன்னால் நான் அட்டையின் பின்பக்கத்தைப் பார்த்துத் தொலைத்தேன். அன்றைக்குத்தான் முதல் முறையாகப் படித்தேன். பார்க்கவில்லை, படித்தேன்.

விற்பனை செய்வது மும்பைக் கம்பெனி. தயாரித்த விலாசம் நாச்சாரம், ஹைதராபாத். எங்கள் மொட்டை மாடியில் நின்றால் அந்தத் தொழிற்சாலையின் தண்ணீர்த் தொட்டி தெரியும். தாள் எங்கள் உருளையில் அச்சானது. அந்த மழுங்கல் இல்லாத சிவப்புக்குப் பொறுப்பு சாட்சாத் நான்தான்.

அதாவது, மாமாவின் மாத்திரை எங்கள் தெருமுனையில் பிறந்து, நான் அச்சடித்த சட்டையைப் போட்டுக்கொண்டு, மும்பைக்காரன் பெயரைச் சூட்டிக்கொண்டு, திண்டுக்கல் வரை போய், அங்கிருந்து யார் யார் மடியிலோ ரயிலேறித் திரும்பி எங்கள் வீட்டு ஜன்னலுக்கே வந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

இதைச் சொன்னதும் மல்லிகா விழுந்து விழுந்து சிரித்தாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். பிறகு பாதி மாத்திரையைக் காட்டினேன். சிரிப்பு அப்படியே நின்றது.

"எத்தனை நாளா?"

"தெரியலை."

"கேளுங்க."

"நான் எப்படிடி கேக்கறது?"

அவளே கேட்டாள். கேட்கவில்லை, கத்தினாள். மாமா துண்டால் தலையைத் துவட்டியபடி நின்றார். விலை ஏறிக்கொண்டே போகிறது, பென்சன் அதே இடத்தில் நிற்கிறது, பாதி போட்டாலும் மருந்து மருந்துதானே, உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்றார். மல்லிகா, "எங்ககிட்ட கேட்டா என்னப்பா கொறைஞ்சு போச்சு? நாளைக்கு வாய் கோணி கை விழுந்தா நாங்க என்ன பண்றது?" என்று அழுதாள்.

மாமா துண்டை உதறிக் கொடியில் போட்டார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"நான் ஊருக்குக் கிளம்பறேம்மா. அங்க இருந்தா எனக்கு யாரும் அழவேண்டியதில்லை."

அவர் சொன்னால் செய்கிறவர். போய்விட்டால் அந்தப் பூட்டிய வீட்டில் பாதி கால் மாத்திரை ஆகும், கால் ஒன்றுமே இல்லாமல் ஆகும், ஒருநாள் விழுந்து கிடந்தால் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் நமக்குத் தெரியும். எனக்குப் பயமாக இருந்தது. அவர் மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. நின்றபடி செய்தி பார்த்துப் பழகிவிட்டது.

மல்லிகா என்னைத் தனியே இழுத்துப்போய், "நீங்கதான் தாள் அச்சடிக்கிறீங்களே, நாமளே முழு மாத்திரையை வாங்கி அந்த அட்டையிலேயே போட்டு வெச்சுட முடியாதா?" என்றாள். அழுதுகொண்டே யோசித்தால் இப்படித்தான் யோசனை வரும்.

ஒரே வண்டி

மாமா பையில் வேட்டியை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன். அவர் எழுந்து நின்றார்.

"மாமா, நான் வேலை செய்யற எடத்தை நீங்க பார்த்ததே இல்லையே. ஊருக்குப் போறதுக்கு முன்னாடி நாளைக்கு ஒரு எட்டு வந்து பார்த்துட்டுப் போயிடுங்க."

மாப்பிள்ளை கேட்டு இல்லையென்று சொல்ல முடியுமா? வந்தார். ஸ்கூட்டரில் ஏற மாட்டேன் என்று பஸ்ஸில்தான் வந்தார். என் டிக்கெட்டையும் அவரே எடுத்தார். கண்டக்டர் டிக்கெட் கிழித்த அழகைப் பார்த்து, "பய புதுசு" என்று என் காதில் சொன்னார்.

முதலாளியிடம் அனுமதி கேட்டு உள்ளே அழைத்துப் போனேன். மை வாசனையில் அவர் தும்மினார். அச்சான உருளைகள் அடுக்கியிருந்த இடத்தில் இரண்டு ரோல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒன்றில் அவருடைய மாத்திரையின் பெயர், பெரிய சிவப்பு எழுத்தில். இன்னொன்றில் பெயர் என்று பகட்டாக எதுவும் கிடையாது. சரக்கின் பெயரே கறுப்பில் அடித்திருந்தது, அம்லோடிபின்.

"படிங்க மாமா" என்றேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். சிவப்புப் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் அம்லோடிபின், ஐந்து மில்லிகிராம். பக்கத்து ரோலிலும் அம்லோடிபின், ஐந்து மில்லிகிராம். இதிலும் நாச்சாரம் விலாசம். அதிலும் அதே விலாசம். திரும்பவும் முதல் ரோலுக்குப் போனார். திரும்பவும் வந்தார்.

"ஒரே எடத்துல செய்யறதா மாப்பிள்ளை?"

"ஒரே எடம். நம்ம மாடியில இருந்து தெரியுதே தண்ணித் தொட்டி, அதே கம்பெனி. ஒண்ணு மும்பைக்காரங்க பேர்ல போகுது. அந்தப் பேரை டாக்டர்ங்க ஞாபகம் வெச்சுக்க ஆள் போடணும், ஊர் ஊரா அனுப்பணும், அந்தச் செலவெல்லாம் விலையில ஏறும். இன்னொண்ணு இவங்க சொந்தமா விக்கறது. பேருக்குச் செலவில்லை."

விலை வித்தியாசத்தை முதல் நாளே பக்கத்துக் கடையில் விசாரித்து வைத்திருந்தேன். சொன்னேன். சிவப்புப் பெயர் ஓர் அட்டை வாங்கும் காசில் கறுப்புப் பெயர் நாலு அட்டை வாங்கலாம்.

மாமா கண்ணாடியைக் கழற்றினார். முகம் சிவந்துவிட்டது.

"அப்ப ஒரே வண்டி. அதே டிரைவர், அதே சீட்டு. எக்ஸ்பிரஸ்னு போர்டு மாட்டி ஒரு டிக்கெட், டவுன் பஸ்ஸுன்னு ஒரு டிக்கெட். நான் இத்தனை வருசமா எக்ஸ்பிரஸ் சார்ஜ் குடுத்திருக்கேன், அதுவும் அரை டிக்கெட்டுல." சிவப்பு ரோலை விரலால் தட்டினார். "என் சர்வீசுல ஒருத்தன் இப்படிப் பண்ணியிருந்தா அன்னைக்கே மெமோ குடுத்திருப்பேன்."

அன்று மாலை சுப்பிரமணிக்குப் போன் போட்டு அவர் பேசியதை இங்கே எழுத முடியாது. முடிவில், "உன் கடை மருந்தை எங்க மாடியில இருந்து கல்லெறிஞ்சா விழுகிற தூரத்துல செய்யறான்டா" என்றார். சுப்பிரமணி அந்தப் பக்கம் வெகுநேரம் சிரித்திருக்கவேண்டும். மாமாவும் சிரித்தார். பையிலிருந்து வேட்டி மட்டும் இன்னும் வெளியே வரவில்லை.

டாக்டரம்மா

மாத்திரையை நம் இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது, டாக்டரிடம் கேட்டுவிடுவோம் என்று சொன்னேன். என் தாளை நான் நம்பலாம், அவர் உடம்பை வைத்து நான் விளையாடக்கூடாது. அப்போது ஒரு விஷயம் தெரிந்தது. திண்டுக்கல் டாக்டர் எழுதிக் கொடுத்த அதே சீட்டை வைத்துக்கொண்டுதான் பல வருஷமாக மருந்து வந்துகொண்டிருந்தது. சீட்டு மடிப்பில் நாலாகக் கிழிந்து செலோடேப்பில் உயிரோடிருந்தது.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்து டாக்டரம்மா தெலுங்குக்காரர், சென்னையில் படித்தவர். ரத்த அழுத்தம் பார்த்தார். ஒருமுறைக்கு இரண்டுமுறை பார்த்தார்.

"மாத்திரை தினமும் போடறீங்களா ஐயா?"

"தினமும் போடறேம்மா."

அது பொய்யில்லை. நான் கூரையைப் பார்த்தேன். பெரியவரைப் பிறத்தியார் முன்னால் எப்படிக் காட்டிக்கொடுப்பது? டாக்டரம்மா மருந்தின் அளவை ஏற்றுவதற்குப் பேனாவைத் திறந்துவிட்டார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

மாமா முந்திக்கொண்டார்.

"தினமும் போட்டேன். ஆனா அரை டிக்கெட்தாம்மா எடுத்தேன்."

டாக்டரம்மாவுக்குப் புரியும்படி விளக்கிச் சொன்னோம். "அவுனா, அப்படியா?" என்று பேனாவை மூடி வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"விலை அதிகம்னு எந்த டாக்டர்கிட்டயாவது சொன்னீங்களா?"

"டாக்டர்கிட்டப் போயி எப்படிம்மா விலையைப் பேசறது?"

"என்கிட்ட பேசுங்க. நீங்க சொல்லலைன்னா, மருந்து போதலைன்னு நினைச்சு நான் இன்னும் ஏத்திருப்பேன். அந்தச் சர்க்கரை மாத்திரை மெதுவா கரையற வகை. அதை உடைக்கவே கூடாது. உடைச்சா மெதுவா எறங்கவேண்டியது மொத்தமா எறங்கிடும்."

பிறகு அந்த ஒட்டுப்போட்ட சீட்டை விரித்து வைத்தார். அதில் ஒரு சத்து மாத்திரையும் ஒரு வயிற்று எரிச்சல் மாத்திரையும் இருந்தன. ஒரு மாதத்துக்கு என்று எழுதியவை. ஒரு மாதம் என்றதை யாரும் பார்க்கவில்லை, அவை பாட்டுக்கு வருஷக்கணக்கில் ரயிலேறி வந்துகொண்டிருந்தன. எரிச்சல் உண்டா என்று கேட்டார், இல்லையென்றார் மாமா. இரண்டையும் அடித்தார். மீதி இரண்டுக்கும் சரக்கின் பெயரையே கொட்டை எழுத்தில் எழுதினார். நல்ல கம்பெனி தயாரித்ததாக இருக்கவேண்டும், தேதி பார்த்து வாங்கவேண்டும், முழுதாகப் போடவேண்டும், ஒரு மாதம் கழித்து வந்து காட்டவேண்டும் என்றார்.

ஒரு மாதம் என்றதும் மாமா என்னைப் பார்த்தார். வீட்டுக்கு வந்து பையிலிருந்த வேட்டியை எடுத்துக் கொடியில் போட்டார். மல்லிகா அன்றைக்குப் பாயசம் வைத்தாள், அவருக்குச் சர்க்கரை போடாமல்.

நக்கோ

மருந்துக்கடைக்காரர் ஹைதராபாத் உருதுக்காரர். சீட்டைப் பார்த்துவிட்டு, பழக்கதோஷத்தில் சிவப்புப் பெயர் அட்டையையே எடுத்து வைத்தார். மாமாவுக்கு அந்த ஊர்ப் பேச்சில் மூன்றே வார்த்தைகள்தான் தெரியும், ஹவ் என்றால் சரி, நக்கோ என்றால் வேண்டாம், கித்னா என்றால் எவ்வளவு. அவை போதும் என்பது அவர் கட்சி.

"நக்கோ" என்று அட்டையைத் திருப்பித் தள்ளினார். கறுப்புப் பெயரைத் தேடி எடுத்தார் கடைக்காரர். "கித்னா?" என்றார் மாமா. கடைக்காரர் விலை சொன்னார். அட்டையில் அச்சடித்த விலையைவிடக் குறைத்துத் தர முடியும் என்பதையும் நான் மாமாவுக்குச் சொல்லி வைத்திருந்தேன். திரும்பவும் "நக்கோ." கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அந்த வாரத்தில் எனக்குக் கூரை நன்றாகப் பழகிவிட்டது. அவர் குறைத்தார். "ஹவ்" என்றார் மாமா, திருப்தியாக.

அந்த மாதம் முழு மாத்திரை. மல்லிகா வேலைக்குக் கிளம்புமுன் அட்டையை வாங்கிப் பார்ப்பாள். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதிக்க ஏறும் ஸ்குவாடு முன்னால் கண்டக்டர் நிற்கிற மாதிரி மாமா விறைப்பாக நின்று நீட்டுவார்.

மாதம் முடிந்து டாக்டரம்மாவிடம் போனோம். பட்டையைச் சுற்றி, காற்றடித்து, இறக்கி, மாமாவின் தோளைத் தட்டினார். ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது, இதையே தொடருங்கள் என்றார். மாமா ஒன்றும் நடக்காததுபோல வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

நேராக மருந்துக்கடை. மூன்று வார்த்தைப் பேரம். அடுத்த மாதத்து மருந்தை அவரே தன் பென்சனிலிருந்து வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். மீதிப் பணத்தைக் கண்டக்டர் வாகில் நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகிக்கொண்டு நடந்தார்.

எதிரே இரானி ஹோட்டல். வாசல் வரை டீ மணம். டீ குடிக்கலாமா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும்.

மாமா நின்றார்.

"மருந்துக்கு நான் டிக்கெட் எடுத்துட்டேன் மாப்பிள்ளை."

"ஆமா மாமா."

"டீக்கு நீங்க எடுங்க."

உள்ளே போய் ஒரு நாற்காலியை இழுத்து அவர் முதலில் உட்கார்ந்தார். எதிரே நானும் உட்கார்ந்தேன். நாங்கள் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. நான் அவசரமாகப் பர்ஸைத் திறக்கப்போய், சில்லறை தரையெல்லாம் உருண்டது. மாமா குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் உள்ளங்கையில் வைத்தார்.

"அப்படியே எனக்கு ரெண்டு உப்பு பிஸ்கட்டும் சொல்லுங்க" என்றார்.